ரப்பர் பாலில் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே நீளமா? ஆய்வகத்தில் அப்படிச் செய்யலாமா?

குலசேகரம் பக்கம் நாம் வெட்டும் ரப்பர் பாலில் ஒரே நீளம் கிடையாது. குட்டையும் நெட்டையும் கலந்தே இருக்கும். ஆய்வகத்தில் ஏறத்தாழ சமமாக்கலாம். சாதாரண ராடிகல் (ஜோடியில்லா எலக்ட்ரான் கொண்ட, சட்டென்று வினைபுரியும் துகள்) வினையில் ஒரு சங்கிலி சட்டென்று வளர்ந்து, இன்னொரு ராடிகலோடு முட்டிச் செத்துவிடும். சரி, பெரும்பாலான சங்கிலிகளை வளரவிடாமல் தற்காலிகமாகத் தூங்க வைத்தால்? 1995-இல் வந்த ஏடிஆர்பி முறையில் செம்புச் சேர்மம் சங்கிலி நுனியிலுள்ள புரோமினைக் கழற்றி அதை எழுப்பும். சில மோனோமர்கள் (சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகள்) ஏறியதும் திரும்ப மாட்டித் தூங்க வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மாறி மாறி முறை வருவதால் நீளம் ஒத்துப்போகிறது. நீளங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் பரவல் எண் 1.1 வரைகூட இறங்கும் (1 என்றால் அச்சு அசல் சமம்). 1998-இல் ஆஸ்திரேலியர்கள் வெளியிட்ட ராஃப்ட் முறையில் இந்த வேலை கந்தகச் சேர்மத்துக்கு. என் கணக்கில் அதுதான் சுலபம், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால்.

ஆனால் ரப்பர் சங்கிலியின் கண்ணியான ஐசோப்ரீனை இப்படிக் கோத்தாலும் நம் மரத்து ரப்பர் வராது. மரம் தரும் சிஸ் அமைப்பு (ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலியின் இரு பகுதிகளும் ஒரே பக்கம் இருப்பது) அதில் முழுதாக அமைவதில்லை.