யென் மா நூல்கள்: மகளுக்கு எது முதலில்?

அடலின் யென் மா தன் வாழ்க்கையைச் சொல்லும் இரண்டு நூல்களில் ஏழாம் வகுப்பு மகளுக்கு எதை முதலில் கொடுப்பது, ஆட்களின் பெயர் ஏன் குழப்புகிறது என்று கேட்கிறீர்கள். 1999இல் வந்த 'சைனீஸ் சின்ட்ரெல்லா'வையே கொடுங்க. அடலின் படிக்க இங்கிலாந்து கிளம்புவதோடு அது முடிந்துவிடும். 1997இன் 'ஃபாலிங் லீவ்ஸ்' கசந்த முதல் திருமணம், அப்பாவின் உயில் என்று நீளும், பெரியவர்களுக்கானது.

பெயர்க் குழப்பம் இரண்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் புரட்டுவதால்தான். சிறுவர் நூலில் பெரியக்கா, பெரியண்ணன் என்ற முறைப்பெயர். மற்றதில் அதே ஆட்கள் லிடியா, கிரிகரி. நியாங் என்று அவர்கள் கூப்பிடுவது அப்பாவின் இரண்டாம் மனைவியான சித்தியை, யெயெ என்றால் அப்பாவழித் தாத்தா. பாபா அத்தைதான் அந்த வீட்டில் அடலினுக்கு இருந்த பெரிய தெம்பு.

வாத்துக்குஞ்சு அத்தியாயத்தை மட்டும் முதலில் நீங்க படிச்சிடுங்க. நாய் ஜாக்கி சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்க அப்பா ஒரு குஞ்சைக் கொண்டுவரச் சொல்வார். அண்ணன் பொறுக்கி எடுப்பது இவள் செல்லக்குஞ்சை. அது பிழைக்காது. அடியைவிட இந்த இடம்தான் பிள்ளைகளை அழவைக்கும். ராத்திரி தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம்.