மலையேறினால் எடை குறையுமா?

கேள்வி: கம்பத்தில் எங்கள் வீட்டு வெயிட் மெஷினில் 70.4 கிலோ இருந்தேன். அதே மெஷினை மலைமேல் இருக்கும் வண்டன்மேட்டுத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் ஏறி நின்றால் 68.9 காட்டுகிறது. உயரம் கூடினால் புவியீர்ப்பு குறையுமாமே, அதனாலா?
– வாசகர், கம்பம்

புவியீர்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் குறையும். உயர வித்தியாசம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் எடைக்கு 15 கிராம் வரும். ஒரு கைப்பிடி ஏலக்காய்! நூறு நூறு கிராமாக எண் மாறும் மெஷினில் அது தெரியவே தெரியாது. உங்களுக்குக் குறைந்திருப்பதோ ஒன்றரைக் கிலோ. மலையை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள்.

மெஷினைக் கவிழ்த்தால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கால் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பாரத்தை உணரும் ஒரு லோட் செல். பெரும்பாலும் மூன்று ஒயர் வெளிவரும் சின்ன எஃகுத் தகடு. நீங்கள் ஏறும்போது அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய மின்பட்டை கூடவே இழுபட்டு, அதன் மின்தடை ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மாறும். நான்கு காலிலும் ஏற்படும் மாற்றத்தைச் சேர்த்துக் கிலோவாகக் காட்டுவதுதான் உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் வேலை. ஆகவே பாரம் முழுவதும் அந்த நான்கு கால் வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். வேறு வழியில் இறங்குவது கணக்கில் வராது.

தோட்டத்து வீட்டில் குளிருக்குச் சாக்கோ கம்பளமோ விரித்திருப்பீர்கள். மெஷினின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் விரற்கடை இடைவெளிகூட இருக்காது. கால்கள் விரிப்பில் அமுங்கியதும் அடிப்பக்கம் தட்டி நிற்கும். அப்படித் தட்டிய இடம் தாங்கும் பாரம் எண்ணில் விழாது. மேடுபள்ளமான சிமென்ட் தரையிலும் தொல்லை உண்டு. ஒரு கால் அந்தரத்தில் நிற்க, மற்றவை சாய்ந்து உரசும். முக்கால் அங்குல பிளைவுட் துண்டு ஒன்றை ஆடாமல் தரையில் போட்டு, அதன்மேல் மெஷினை வையுங்கள். மூலைக்கு மூலை விரலால் அழுத்துங்கள். ‘டக்’கென்று ஆடினால் இடத்தை மாற்றுங்கள். காலின் ரப்பர் கழன்றிருக்கிறதா, மண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடம் மாற்றிய மெஷினில் முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு தடவை மிதித்துவிட்டு இறங்கி, 0.0 வந்து அணைந்த பிறகு ஏறுங்கள். இரண்டு பாதமும் நடுவில், அசையாமல். இவ்வளவுக்குப் பிறகும் அரைக்கிலோ வித்தியாசம் வந்தால் அது உங்கள் உடம்பினுடையதாகவே இருக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரைக்கிலோ அப்போதே ஏறிவிடும். காலையில் கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில், அதே மாதிரி உடையில் பார்ப்பதே ஒப்பிட உதவும்.

கேள்வி: எத்தனை முறை ஏறி இறங்கினாலும் எங்கள் மெஷின் ஒரே எண்ணைக் காட்டுகிறது. அப்படியானால் சரியான மெஷின்தானே?
– வாசகி, குமுளி

அவசரப்படாதீர்கள், இதில் ஒரு தந்திரம் உண்டு. பல மெஷின்கள் கடைசி எடையை நினைவில் வைத்துக்கொண்டு, புது எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும். வாங்கியவர் மனம் குளிரட்டும் என்று!

சோதிப்பது எளிது. ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அரைக்கிலோ கூட வேண்டும். கூடாமல் பழைய எண்ணே வந்தால் அது நினைவிலிருந்து வருவது. இடையில் வேறொருவரை ஏற்றி இறக்கினால், அடுத்து நீங்கள் ஏறும்போது புதிதாக அளக்கும்.

மெஷின் கூட்டிக் காட்டுகிறதா, குறைத்தா என்று அறிய, அரசின் சட்டமுறை எடையளவுத் துறை முத்திரை குத்திய தராசு வைத்திருக்கும் மளிகைக் கடையிலோ ஏலக்காய்க் கடையிலோ ஒரு மூட்டையை நிறுத்து வாருங்கள். கடையின் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். வீட்டு மெஷினுக்கு அந்தச் சோதனை கிடையாது. பிரிக்காத 26 கிலோ அரிசிச் சிப்பம் என்றால் இன்னும் வசதி. தனியாக ஒருமுறை, சிப்பத்தோடு ஒருமுறை ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். எப்போதும் 1 கிலோ கூட்டியே காட்டும் மெஷினை வைத்துக்கொண்டு எடை குறைகிறதா என்று பார்த்துவிடலாம். ஒருநாள் கூட்டி, ஒருநாள் குறைத்துக் காட்டுவதுதான் எதற்கும் உதவாது. பேட்டரி மாற்றியும் அப்படியே இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: முள் உள்ள பழைய மெஷின். ஆள் ஏறாதபோதே 2 கிலோ காட்டுகிறது.
– வாசகர், போடி

பக்கவாட்டிலோ அடியிலோ பல் வைத்த சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இறங்கியதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் உள்ளே ஸ்பிரிங்கோ நெம்புகோலோ துருப்பிடித்திருக்கும். குளியலறையில் வைத்திருந்தால் அதுதான் காரணம். முள்ளுக்கு நேர் மேலே இருந்து பாருங்கள். சாய்ந்து பார்த்தால் அரைக்கிலோ தப்பாகத் தெரியும்.

கேள்வி: கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினை அப்பாவுக்கு வாங்கலாமா? இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்.
– வாசகி, கூடலூர்

வேண்டாம். அந்த வகை மெஷின் ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தித்தான் கணக்கிடுகிறது. எடை மட்டும் காட்டும் மெஷினே போதும்.