சுவரில் இலை நரம்பு: உலோக விளக்கு பற்றிக் கேட்டவை

ஆயர் ஈத்தாம் வாசகி: அண்ணே, அரசிலை நரம்பு வெட்டிய பித்தளை விளக்கு வாங்கினேன். கடையில் சுவரெங்கும் நரம்பு நரம்பாய் நிழல் விழுந்தது. வீட்டில் வெறும் மங்கல். ஏன்?

விளக்கைக் குறை சொல்லாதீர்கள் அக்கா, பல்பைப் பாருங்கள். பால்நிறப் பல்பு போட்டிருப்பீர்கள். ஒளி அகலமான இடத்திலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். தெளிந்த கண்ணாடியில் சின்னப் பல்பாகப் போடுங்கள். நீள நீளமாக நாலு இழை தெரிகிற எல்.இ.டி. வேண்டாம்; ஒரே நரம்புக்கு நாலு நிழல் விழும். வாங்குமுன் பல்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பென்சிலைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்புறம் ஒளியின் நிறம்: பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று இருக்கட்டும், அது இளமஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை; அதில் பித்தளை வெளிறிப்போகும்.

தஞ்சோங் பூங்கா வாசகர்: கடலைப் பார்த்த பால்கனிக்கு இரும்பில் மயில்தோகை விளக்கு. பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) உண்டு என்கிறார்கள். தாங்குமா?

நானே இதில் சூடுபட்டவன். கடலோர வீடு ஒன்றுக்கு இரும்பில் பெரணி இலை செய்து கொடுத்தேன். ஒரு வருஷத்துக்குள் இலை நுனியெல்லாம் பழுப்பு. ஆக்சிஜன் வைத்து லேசரில் வெட்டினால் வெட்டிய ஓரத்தில் கருப்பாக ஒரு படலம் நிற்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் பூசினால் பூச்சு உரியும். கூரான விளிம்பில் பூச்சு மெல்லியதாகத்தான் நிற்கும். மயில்தோகையில் எத்தனை துளை, எத்தனை விளிம்பு! உப்புக்காற்று நுழைவது அங்கேதான். 316 ரக எவர்சில்வர் கேளுங்கள். அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். சாதாரண 304 ரகம் அங்கே கறைபடும். விலை கூடத்தான். மழைச் சாரல் படுமென்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரம் இருக்கட்டும்.

பட்டர்வொர்த் தம்பி: சூரியகாந்தி விதை வடிவம் வரைந்தேன். என்னவோ சக்கரக் கம்பி மாதிரி இருக்கிறதே?

கோணம் தவறு தம்பி. ஒவ்வொரு விதையும் நடுப்புள்ளியைச் சுற்றி முந்தையதிலிருந்து 137.5 பாகை திரும்ப வேண்டும். ஒரு பாகை பிசகினாலும் இடைவெளி விழுந்து கைகைகளாகப் பிரிந்துவிடும்.

அதே தம்பி: பழைய வீடு, சுவரில் இரண்டு வயர்தான் இருக்கிறது. மாட்டலாமா?

கூடாது. உலோகத்துக்குப் பச்சை-மஞ்சள் எர்த் வயர் கட்டாயம். பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடு.

ஜார்ஜ் டவுன் வாசகர்: பினாங்குக்கே உரிய வடிவம் ஒன்று சொல்லுங்கள் ஐயா.

மலாயில் தீவின் பெயரே பாக்கு மரம்தானே? எல்லோரும் ஓலையை வெட்டுகிறார்கள். தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துப் பாக்குவெட்டியால் நடுவே பிளந்து பாருங்கள்: வெள்ளையில் பழுப்பு ரேகைகள் ஓரத்திலிருந்து உள்ளே ஓடும். அதைப் படமெடுத்து அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன்.