பெங்களூருவுக்குப் போக வேண்டாம், கறிக்கடைக்காரரிடம் பேசுங்கள்

கேள்வி: வீடியோ ஒன்றில் பார்த்தபடி, ஞாயிறு இரவு வீட்டு விருந்துக்கு மாட்டுத் தொடைக்கறியைத் தடியாக வெட்டி வாங்கி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுட்டு, க்ரீம் சாஸ் ஊற்றி ஸ்டேக் பரிமாறினேன். கறி செருப்புத் தோலாக இருந்தது. எலுமிச்சை பிழிந்து கொதிக்க விட்ட சாஸ் திரிந்துபோனது. வெட்டிய இடத்தில் சிவப்பாக நீர் வடிந்ததைப் பார்த்து மாமனார் தட்டை நகர்த்திவிட்டார். "பேசாமல் குழம்பில் போட்டிருக்கலாம்" என்கிறார் மாமியார். நம் ஊர்க் கறியில் இது வரவே வராதா? பெங்களூரு போய் வெளிநாட்டுக் கறி வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வெளிநாட்டுக் கறியைத் தேடி நீங்கள் எல்லை தாண்ட வேண்டியதில்லை. மாட்டிறைச்சியை எந்த வடிவிலும் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது. ஆகவே அப்படி ஒன்றை யாராவது உங்களிடம் விற்க முன்வந்தால், அவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. கர்நாடகத்தில் 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ 13 வயதைக் கடந்த எருமையைத் தவிர வேறு எந்த மாட்டையும் வெட்ட விடுவதில்லை. ஓசூரில் கிடைப்பதைவிட முதிர்ந்த கறியை வாங்குவதற்காகவா சுங்கச்சாவடியில் பணம் கட்டப் போகிறீர்கள்?

கறியைப் பொறுத்தவரை உங்கள் கைமீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். சாஸைப் பொறுத்தவரை சொல்வேன், அதற்குப் பிறகு வருகிறேன். வீடியோவில் அடுப்பேறிய மாடு, இறைச்சிக்காகவே தீனி போட்டு வளர்க்கப்பட்டு, பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி வெட்டப்பட்டதாக இருக்கும். நமது 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமோ, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, தீராத நோயாலோ ஊனத்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்ட அனுமதிக்கிறது. காரிமங்கலம் சந்தையில் கடைசி முறையாகக் கைமாறும் ஓர் எருது அதற்குள் எத்தனை கொல்லை உழுதிருக்கும், எத்தனை வண்டி இழுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உழைத்த தசையில் இணைப்புத் திசு மிகுதி. வயது ஏற ஏற அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். அவை இளகிக் கூழாவதற்கு 70 டிகிரி செல்சியசுக்கு மேல் ஈரத்தோடு கூடிய சூடு மணிக்கணக்கில் வேண்டும். மூன்று நிமிடத்தில் அங்கே நடப்பது நேர் எதிரானது: இழைகள் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன.

ஆகவே தொடைக்கறியைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னது சரி. முழு மாட்டுக்கும் அதுவே விதி என்று அவர் நினைத்தால்தான் தவறு. முதுகெலும்பின் கீழே, இடுப்பை ஒட்டி உட்புறமாக ஓடும் தசையைக் கடைக்காரர்கள் அண்டர்கட் என்பார்கள். நடைக்கும் இழுப்புக்கும் அதிகம் பயன்படாத அந்தத் தசை கிழட்டு மாட்டில்கூட மென்மையாகவே இருக்கும். ஒரு மாட்டுக்கு இரண்டு துண்டுதான் என்பதால் ஓட்டல்காரர்கள் விடியற்காலையிலேயே எடுத்துப் போய்விடுவார்கள். முந்தின நாளே சொல்லி வைத்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். விலை சற்றுக் கூடும், கொடுங்கள்.

அதை மேலே படர்ந்திருக்கும் வெள்ளைச் சவ்வு நீக்கி, இழைக்குக் குறுக்காக, இரண்டு விரல் தடிமனில் வெட்டிக்கொள்ளுங்கள். சுடுவதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்பாவது உப்பைத் தடவுங்கள், இல்லையென்றால் கல்லில் போடும் கணத்தில் தூவுங்கள். இடைப்பட்ட பத்து, பதினைந்து நிமிடத்தில் உப்பு வெளியே இழுத்த நீர் மேலேயே நிற்கும், கறி சிவக்காமல் அவியும். துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகு, புகை எழும் அளவுக்குக் காய்ந்த கனமான இரும்புத் தோசைக்கல்லில் போடுங்கள். உயர்ந்த சூட்டில் சுட்டால் சாறு உள்ளேயே அடைபடும் என்று வீடியோவில் சொல்லியிருப்பார்கள். 1847-இல் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பரப்பிய கருத்து அது. பிற்காலச் சோதனைகள் அதைப் பொய்யாக்கியும் சமையல்காரர்கள் இன்னும் விட்டபாடில்லை. சூட்டில் கிடைப்பது நிறமும் மணமும்தான், அதுவே போதுமான காரணம். சுட்டு இறக்கிய கறியை ஐந்து நிமிடம் தொடாமல் வைத்தால் தட்டில் நீர் வடிவது குறையும்.

அந்தச் சிவப்பு நீர் இரத்தமல்ல. மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்த நீர். இருந்தாலும் இதைச் சொல்லி உங்கள் மாமனாரை வற்புறுத்தாதீர்கள், இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். அரைவேக்காட்டு மாட்டிறைச்சியால் நாடாப்புழு தொற்றக்கூடும். முதியவர்களும் குழந்தைகளும் உட்காரும் பந்தியில் கறி முழுதாக வெந்திருப்பதே முறை. நடுப்பகுதி 63 டிகிரியை எட்டி மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நம் வீடுகளுக்கு 70 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த துண்டு அந்தச் சூட்டில் வறண்டுவிடும் என்பதால், பெரியவர்களுக்கு மட்டும் ஒரு விரல் தடிமனில் வெட்டிச் சுட்டு, சாஸிலேயே இரண்டு நிமிடம் புரட்டிக் கொடுங்கள்.

இனி சாஸ். கடையில் நீலப் பெட்டியில் வாங்கும் அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். மேலை நாட்டுச் சமையலில் கொதிக்க விடும் க்ரீமில் பெரும்பாலும் 35 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். கொழுப்பு குறைந்த க்ரீமில் புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் பால் புரதம் திரளும். பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பதும் அப்படித்தான். நீங்கள் எடுத்ததும் பனீர்தான். கறி சுட்ட கல்லில் ஒட்டிய பழுப்பை வீணாக்காமல், அதிலேயே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் வெண்ணெயில் வதக்கி, எலும்பு வேகவைத்த நீர் ஒரு கோப்பை ஊற்றிப் பாதியாக வற்ற விடுங்கள். பிறகு தீயை நன்றாகக் குறைத்து, அறைச் சூட்டுக்கு வந்த க்ரீமைச் சேர்த்து, ஓரத்தில் குமிழ் தோன்றியதும் இறக்குங்கள். புளிப்பு வேண்டுமென்றால் இறக்கிய பிறகு நான்கு சொட்டு. கரம் மசாலாவை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அண்டர்கட் கிடைக்காத வாரத்தில் தொடைக்கறியையே வாங்கலாம், ஸ்டேக் என்ற பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெரிய துண்டுகளாகக் கல்லில் சிவக்க வறுத்து, குக்கரில் நகம் பட்டால் இழை பிரியும் வரை வேகவைத்து, அந்த நீரையே வற்றவைத்து மேற்சொன்னபடி க்ரீம் சேருங்கள். பப்பாளிக்காய் அரைத்துத் தடவும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அது மேற்பரப்பில்தான் வேலை செய்யும், இரவு முழுக்க ஊறினால் வெளிப்புறம் மாவாகி உள்ளே விறைப்பு அப்படியே இருக்கும். இந்த இரண்டாம் வகைக்கு உருளைக்கிழங்கு மசியலைவிடச் சூடான கேழ்வரகுக் களி பொருத்தம் என்பது என் கட்சி. மாமியாரிடம் களியைக் கிண்டச் சொல்லுங்கள், குழம்புப் பேச்சு எழாது. மீந்த சாஸை மறுநாள் நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் கிளறிச் சூடாக்குங்கள்.