கதவில் இருக்கும் 11

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வரும் தை மாதம் 13 வயது ஆகப்போகிறது. பள்ளி நூலகத்திலிருந்து பெர்சி ஜாக்சன் என்ற ஆங்கிலக் கதைப் புத்தகத்தை எடுத்துவந்தான். முதல் ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டு, இப்போது முதல் பாகத்தை மூன்றாவது தடவையாகப் படிக்கிறான். எந்நேரமும் ஜீயஸ், பொசைடன் என்று கிரேக்கக் கடவுள்கள் பேச்சுதான். நோட்டு அட்டையெல்லாம் திரிசூலம். பேரனுக்குச் சிவபக்தி வந்துவிட்டது என்று என் மாமியார் முதலில் பூரித்துப்போனார். விஷயம் தெரிந்ததிலிருந்து என்னைத்தான் திட்டுகிறார். அறைக் கதவில் 11 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறான், ஏன் என்று கேட்டால் மழுப்புகிறான். காலாண்டில் மார்க் குறைந்துவிட்டது. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். பாவம், எங்களுக்காகத்தான் உழைக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்து மார்க் கேட்பார். இவன் 'ம்' கொட்டிவிட்டு போனை என்னிடம் நீட்டிவிடுவான். இந்தப் பைத்தியத்திலிருந்து இவனை மீட்பது எப்படி? கவுன்சலிங் அழைத்துப்போகட்டுமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: அந்த 11 ஒரு கேபின் நம்பர், அம்மா. ஜீயஸையும் மாமியாரையும் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

வீட்டுக்குள் மூன்று தடவை படிக்கப்பட்ட கதை. ஒரு தடவையாவது அது என்ன கதை என்று கேட்டீர்களா? நான் சொல்கிறேன். கிரேக்கக் கடவுள்களுக்கு மனிதர்களிடம் பிறந்த பிள்ளைகள் இன்றைய அமெரிக்காவில் வாழ்கிறார்கள். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் அவர்களுக்கு ஒரு முகாம். கடவுளுக்கு ஒன்றாக மொத்தம் 12 கேபின்கள். அதீனாவின் பிள்ளைகள் அதீனா கேபினில், ஏரிஸின் பிள்ளைகள் ஏரிஸ் கேபினில். சரி, எந்தக் கடவுளின் பிள்ளை என்றே தெரியாமல் வந்து சேருகிறவர்கள்? 'இது என் பிள்ளை' என்று மேலேயிருந்து யாரும் சொல்லாதவர்கள்? அவர்களுக்கெல்லாம் 11. வழிப்போக்கர்களின் கடவுளான ஹெர்மிஸின் கேபின் அது, யார் வந்தாலும் உள்ளே விடுவார்கள். ஆனால் கூட்டம் தாங்காது. தரையில் கிடைத்த இடத்தில் படுக்கையை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். பெர்சியும் முதலில் அங்கேதான் போய்ப் படுக்கிறான்.

அந்த முகாமில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. தட்டிலிருந்து நல்லதாக ஒரு பங்கை எடுத்து நெருப்பில் போட்டு, தன் தெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டும். நம் அவிர்பாகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்சிக்கு யார் பெயரைச் சொல்வதென்று தெரியாது. பெரிய இறைச்சித் துண்டை நெருப்பில் தள்ளிவிட்டு, நீங்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறான். அவனுக்கு வயது 12.

இனி உங்கள் வீட்டுத் திரிசூலத்துக்கு வருவோம். அது கடல் கடவுள் பொசைடனின் ஆயுதம். ஒருநாள் பெர்சியின் தலைக்கு மேலே அது ஒளியாகத் தோன்றும், அவன் பொசைடனின் மகன் என்று தெரிந்து முகாமே மண்டியிடும். அதன்பிறகு அவனுக்கு மூன்றாம் நம்பர் கேபின். கதை படிக்கிற எந்தப் பையனும் ஹீரோவாகத்தான் வேஷம் கட்டுவான். உங்கள் மகன் நோட்டில் சூலத்தை வரைந்துவிட்டு, கதவில் 3 என்று ஒட்டவில்லை. 11 என்று ஒட்டியிருக்கிறான். மூன்று தடவை படித்தவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

'பாவம், எங்களுக்காகத்தான் உழைக்கிறார்.' ஒப்புக்கொள்கிறேன். பொசைடனுக்கும் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இனி மனிதரிடம் பிள்ளை பெறுவதில்லை என்று மூன்று பெரிய கடவுள்களும் சத்தியம் செய்திருந்தார்கள். வாய் திறந்து மகன் என்று சொன்னால் மகனுக்கே ஆபத்து. எந்த அப்பனைக் கேட்டாலும் காரணம் சொல்வான், பெரும்பாலும் அது உண்மையான காரணமாகவும் இருக்கும். பிள்ளைக்கு அது என்னத்துக்கு ஆகும்? பணம் அனுப்புவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டத் தாய்மாமன் போதும், கடன் அடைக்கச் சித்தப்பா போதும். நீ என் பிள்ளை என்று சொல்ல அப்பன் ஒருத்தனால்தான் முடியும். அதைச் செய்யாதவன் மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தாலும் கடமையைச் செய்தவன் ஆகமாட்டான் என்பது என் கட்சி. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து மார்க் மட்டும் கேட்பதைப் பள்ளி அலுவலகமும் செய்யும்.

உங்களையும் விடுவதாக இல்லை. பெர்சியின் அம்மா சாலி நல்லவள்தான், ஆனாலும் அப்பா கடலில் காணாமல் போய்விட்டார் என்று சொல்லியே மகனை வளர்க்கிறாள். நீங்களும் கணவருக்காக அதைத்தான் செய்கிறீர்கள். மகன் போனை நீட்டியதும் வாங்கிக்கொண்டு, அவர்கள் பேச வேண்டிய மிச்சத்தையும் நீங்களே பேசி முடித்துவிடுகிறீர்கள். நடுவில் நீங்கள் நிற்பதால்தான் இரண்டு பேருக்கும் இப்படியே ஓட்டிவிட முடிகிறது.

(கதையைப் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) அந்த 11-ம் கேபினுக்குத் தலைவன் லூக். ஹெர்மிஸின் சொந்த மகன், அப்பன் யாரென்று தெரிந்தவன். தெரிந்து என்ன பயன், அப்பன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்திலேயே எதிரிகளோடு சேர்ந்துவிடுகிறான். அவனுடைய அம்மா வீடு ஐந்தாம் பாகத்தில் வரும், அந்த இடத்தை மட்டுமாவது நீங்கள் படிக்க வேண்டும். என்றைக்கோ சின்ன வயதில் வீட்டைவிட்டுப் போன மகன் இன்று வருவான் என்று சாண்ட்விச் செய்து அடுக்கிக்கொண்டே இருப்பாள். பிஸ்கட் அடுப்பில் கருகிக்கொண்டிருக்கும்.

அதே பாகத்தின் முடிவில் பெர்சிக்குச் சாகாவரம் தர வருகிறார்கள். வேண்டாம் என்கிறான். அதற்குப் பதிலாக, பிள்ளைகளுக்கு 13 வயது ஆவதற்குள் அவர்கள் யார் பிள்ளை என்று கடவுள்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறான். உங்கள் மகனுக்குத் தையில் 13.

கடவுள் விஷயத்தில் கவலையே வேண்டாம், அவன் ஜீயஸுக்குச் சூடம் ஏற்றப் போவதில்லை. குண்டு ஆங்கிலப் புத்தகத்தை மூன்று தடவை படிக்கிறவனுக்குப் பாடப் புத்தகமும் படிக்க வரும். கவுன்சலிங் போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் பையனை மட்டும் கொண்டுபோய் உட்கார வைப்பதாக இருந்தால் வேண்டாம்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். எழுதிய ரிக் ரியர்டன் அப்போது பள்ளி ஆசிரியர். அவர் மகனுக்குக் கவனம் நிலைக்காது, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் திணறுவான், பள்ளி என்றாலே கசப்பு. கிரேக்கக் கதைகள் மட்டும் பிடிக்கும். ராத்திரி தூங்கப்போகும்போது அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார், தெரிந்த கதையெல்லாம் தீர்ந்ததும் புதிதாகச் சொல்லச் சொன்னான். மகனுக்கு இருந்த அதே சிக்கல்களைக் கதாநாயகனுக்கும் கொடுத்து, மூன்று ராத்திரியில் சொன்ன கதைதான் 2005-ல் முதல் பாகமாக அச்சில் வந்தது. மார்க் வாங்காத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அப்பன் சொன்ன கதை. உங்கள் மகன் அதை ஏன் கீழே வைக்கமாட்டேன் என்கிறான் என்று இப்போதாவது புரிகிறதா?

முதல் பாகத்தில் இன்னொரு பிரதி வாங்கி, மஸ்கட் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். 22 அத்தியாயம்தான். நம் ஊரில் ராத்திரி ஒன்பதரை என்றால் அங்கே எட்டு மணி, வேலை முடித்து வந்திருப்பார். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் மகனைக் கூப்பிட்டு, எந்த அத்தியாயம் வரை வந்திருக்கிறேன் என்று சொல்லி, புரியாத இடத்தைக் கேட்கட்டும். புரியாமல் கேட்டால் இன்னும் நல்லது, பையன் சொல்லிக்கொடுப்பான். அந்த போனில் மார்க் பேச்சு வரக்கூடாது. நீங்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருங்கள், போன் உங்கள் கைக்கு வந்தால் வாங்காதீர்கள். கதவில் இருப்பதை நீங்களாகக் கிழிக்கவும் வேண்டாம், 'எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது' என்று அவனிடம் பீற்றிக்கொள்ளவும் வேண்டாம். தைக்கு லீவு கிடைக்குமா என்று கணவரைக் கேளுங்கள். கிடைக்காது என்பார், இன்னொரு தடவை கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதட்டும், அதற்கும் பதில் போடுகிறேன்.