தோட்டம் கேள்வி–பதில்: குளிர்காலத்தில் வைபர்னம்

கேள்வி: பால்கனித் தொட்டியில் வைத்த ஸ்னோபால் வைபர்னம் (பந்துபோல் வெள்ளைப் பூங்கொத்து விடும் புதர்ச்செடி) மே கடைசியாகியும் துளிர்க்கவில்லை. மைனஸ் 30 டிகிரி தாங்கும் என்றுதானே நர்சரியில் சொன்னார்கள்? (வாசகி, டொராண்டோ)

பதில்: அந்தக் கணக்கு தரையில் நட்ட செடிக்கு. கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. தரையில் மண்ணும் மேலே படியும் பனியும் வேரைக் காக்கும். தொட்டியில் நாலாபுறமும் குளிர்காற்று. அதனால்தான் தொட்டிக்கு, உங்கள் ஊரைவிட இரண்டு மண்டலம் (குளிர்காலக் கடுமையை வைத்து ஊர்களைப் பிரிக்கும் எண்) அதிகக் குளிர் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஸ்னோபால் அதிலும் தேறும். ஆகவே தொட்டி சிறியதாக இருந்திருக்கும், அல்லது மண் காய்ந்திருக்கும். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்டு பழுப்பாக இருந்தாலும் ஜூன் பாதிவரை பொறுங்கள், அடியிலிருந்து துளிர் வரலாம்.

இனி வைப்பதானால் 45 செ.மீ. அகலமுள்ள மரத்தொட்டியோ கெட்டியான பிளாஸ்டிக் தொட்டியோ நல்லது. ஈரமண் உறைந்து விரியும்போது மண்தொட்டி வெடித்துவிடும். இலை உதிர்ந்ததும், மண் உறைவதற்கு முன், அடித்துளையில் வழியும்வரை தண்ணீர் விடுங்கள். தொட்டியை 5 செ.மீ. ஸ்டைரோஃபோம் பலகைமேல் ஏற்றி, சுவரோரம் நகர்த்துங்கள். பக்கங்களில் பபுள் ராப் மூன்று சுற்று, அதன்மேல் சாக்கு. அடித்துளையை மூடக்கூடாது, கிளைகளில் பிளாஸ்டிக் சுற்றவும் கூடாது: உள்ளே ஈரம் தேங்கி மொட்டு பூசணம் பிடிக்கும்.

ஹீட்டர் இல்லாத கராஜ் இருந்தால் இன்னும் நல்லது. இலை இல்லாததால் இருட்டு பாதிக்காது. இரண்டு விரல் ஆழத்தில் மண் காய்ந்திருந்தால் மட்டும் இரண்டு டம்ளர் தண்ணீர். வீட்டு ஹாலுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். போதிய குளிர் பெறாத மொட்டு ஒழுங்காக விரியாது.

கேள்வி: எப்போதும் பச்சையாக இருக்கும் வைபர்னம் டைனஸ் பிப்ரவரியில் இலை கருகிவிட்டது. உறைபனிதான் காரணமா? (வாசகர், டார்ட்மண்ட்)

பதில்: பெரும்பாலும் தாகம்தான். வெயிலடிக்கும் நாளில் இலை நீரை வெளியேற்றுகிறது. உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீரை எடுக்க முடிவதில்லை. பனி இளகும் நாளில் நண்பகலில் தண்ணீர் விடுங்கள், காலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். இது மத்தியதரைக்கடல் பகுதிச் செடி. தரையில் மைனஸ் 10 வரை சமாளிக்கும். தொட்டியில் மைனஸ் 5 நெருங்கும்போதே 0 முதல் 10 டிகிரி உள்ள வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். இலை உள்ள செடி என்பதால் இருட்டுக் கராஜ் இதற்கு ஒத்துவராது. கருகிய இலைகளை ஏப்ரலில் நீக்கினால் போதும்.

கேள்வி: தோட்டத்துச் செடியை அக்டோபரில் வெட்டிவிடலாமா? (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: வேண்டாம். வசந்தத்தில் பூக்கும் வகைகளின் மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். இலையுதிர்காலத்தில் வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டுகிறீர்கள். பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரமும் வேண்டாம், இளந்தண்டு முற்றாமல் குளிரில் கருகும். அடியில் 7 செ.மீ. மரப்பட்டைத் தூள் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும், எலியும் கொறிக்கும்.

ஒரே விதிவிலக்கு வைபர்னம் இலைவண்டு. உங்கள் பகுதியில் அது நிறைய. நுனிக் குச்சிகளின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் புடைத்திருந்தால் அவை முட்டைகள். குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி, மே மாதத்தையொட்டிப் பொரிக்கும். அந்தக் குச்சிகளை மட்டும் ஏப்ரல் பாதிக்குள் வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.