வைரஸ் விழித்துக்கொண்டால் புற்றுநோய் திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறேன். அப்போதைய பயாப்சி அறிக்கையில், புற்றுச் செல்களுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்ததாக எழுதியிருந்தது. உறங்கும் வைரஸை நம் செல்லின் புரதங்களே எழுப்பிவிடும் என்று படித்தேன். எழுந்தால் புற்றுநோய் திரும்பிவிடுமா?

பதில்: நீங்கள் படித்தது சரி. ஆனால் பயம்தான் இடம் மாறியிருக்கிறது. இந்த வைரஸ் விழிப்பதைவிட உறங்குவதே புற்றுநோய்க்குச் சாதகம்.

பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் இது உண்டு. பி லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுவின் உட்கருவில் இதன் டி.என்.ஏ. ஒரு வளையமாகக் கிடக்கும். தன் டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் செல் அதையும் சுற்றிவிடுவதால் பெரும்பாலான வைரஸ் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. உங்கள் கட்டியைப் போன்றவற்றில் இயங்குபவை ஒரு சில மட்டுமே. அவற்றில் ஒன்றான எல்.எம்.பி.1, 'சாகாதே, பெருகு' என்று செல்லை ஓயாமல் முடுக்கும். புற்றுக்கு வேண்டியது அதுதான்.

பி செல், எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக முதிரும்போது எக்ஸ்.பி.பி.1, பிளிம்ப்1 ஆகிய நம் புரதங்கள் தலையெடுக்கின்றன. அவை பி.இசட்.எல்.எஃப்.1 என்ற வைரஸ் மரபணுவைத் தூண்டிவிடும். அதிலிருந்து பிறக்கும் ஸீப்ரா புரதம் மற்ற வைரஸ் மரபணுக்களைப் படிப்படியாகத் திறக்கும். வைரஸ் நகல்கள் குவியும். கடைசியில் அந்தச் செல்லே மடியும். மடிந்த செல் கட்டியாக வளராது.

செல்லின் கை இதில் எவ்வளவு ஓங்கியது என்பதை 1960களிலேயே எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸில் பார்த்துவிட்டார்கள். அது புற்றாக மாற்றிய செல்களில் வைரஸ் துகளே உருவாகவில்லை. அவற்றைக் குரங்குச் செல்களோடு இணைத்ததும் வைரஸ் வெளிவந்தது!

விழிப்பு முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்ல மாட்டேன். அரைகுறையாக விழித்த செல்கள் சுரக்கும் பொருள்கள் பக்கத்துச் செல்களின் வளர்ச்சிக்கு உதவக்கூடும். ஹிஸ்டோன் பிடியைத் தளர்த்தி வைரஸை வேண்டுமென்றே எழுப்பி, கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துச் செல்லை அழிக்கும் முறை ஆய்வில் இருக்கிறது. விழித்த வைரஸின் நொதிதான் அம்மருந்தை முடுக்கும் என்பதால் உறங்கும் வைரஸிடம் அது பலிக்காது. நீங்களாக எந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இரத்தத்தில் இந்த வைரஸுக்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்புரதம் பாசிட்டிவ் என்று வந்தால் கலங்காதீர்கள். அது ஆயுளுக்கும் அப்படித்தான் இருக்கும். கழுத்திலோ அக்குளிலோ புதிய நெறிக்கட்டி, காரணமற்ற காய்ச்சல், இரவில் உடையை நனைக்கும் வியர்வை, எடைக்குறைவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.